வலது கால் மட்டும்

ஸ்தனிஸ்லாஸ் சாருக்கு ஆன்மிகத்தில் குறை என்று எதுவும் கிடையாது. அவரைக் கேட்டால் அவரே சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

மந்தைவெளியிலிருந்து கடற்கரைக்குப் போகிற வழியில் இருக்கும் பங்குக்கோயிலில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. ஒரு மருந்து கம்பெனியின் கணக்குப் பிரிவில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். அபிராமபுரத்தில் சொந்தமாக ஃபிளாட். மனைவி வசந்தி, கனடாவில் ஒரு மகன், உடம்பில் சர்க்கரை, நாக்கு நுனியில் பைபிள் வசனம். மறைக்கல்வி வினாடி வினா எங்கே நடந்தாலும் முதல் பரிசு அவருக்குத்தான். பரிசு என்றால் எவர்சில்வர். அண்டா, குடம், அடுக்கு டிபன் கேரியர் என்று அந்த வீட்டுச் சமையலறை முழுக்க அவருடைய இறையறிவு கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். வசந்தி புளி ஊறவைக்கிற கிண்ணம்கூட ஏதோ ஒரு தீர்க்கதரிசியின் அப்பா பெயரைச் சொல்லி வாங்கியதுதான்.

தவக்காலம் வந்தால் காபியை விட்டுவிடுவார். விட்டதைச் சொல்வதை மட்டும் விடமாட்டார். யார் வீட்டுக்குப் போனாலும், அவர்கள் காபி என்று வாயெடுப்பதற்குள் கையை உயர்த்தி, கண்ணை மூடி, "தவக்காலம்" என்பார். திருநீற்றுப் புதன் அன்று காலைப் பூசையில் நெற்றியில் வைத்த சாம்பலைக் கழுவாமல் லஸ் முனை வரைக்கும் நடந்து போய்க் காய்கறி வாங்கி வருவார். மயிலாப்பூரில் நெற்றியில் சாம்பல் பூசிய ஒருவரை யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்? அந்த வருத்தம் அவருக்கு வருஷா வருஷம் உண்டு.

தியானக் கூட்டம் ஒன்று விடமாட்டார். உள்மனக் காயங்களை ஆற்றுகிற தியானம், மன்னிப்பின் வல்லமை பற்றிய மூன்று நாள் முகாம், மௌனத் தியானம். மௌனத் தியானத்தில் என்னென்ன உணர்ந்தார் என்பதைத் திரும்பி வந்து ஒரு வாரம் பேசினார். ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ் உண்டு. ஹாலில் இயேசுவின் திருஇருதயப் படத்தைச் சுற்றி அவற்றைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். புதிதாக வருகிறவர்கள் படத்தைக் கும்பிடுகிறார்களா, சான்றிதழைக் கும்பிடுகிறார்களா என்று சொல்ல முடியாது.

இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு சொல்.

அம்மா இறந்த வருஷம் அது. கல்லறைக்குக் கல் வைக்கிற வேலையைத் தம்பி பிரபாகர் பார்த்துக்கொண்டார். கல்லை மந்திரித்து ஆசீர்வதிக்கிற அன்று போய்ப் பார்த்தால், 'அன்பு மகன்கள் பிரபாகர்' என்று ஒரு வரி, அதற்குக் கீழே 'ஸ்தனிஸ்லாஸ்' என்று ஒரு வரி. மூத்தவன் பெயர் கீழே! "உன் பேரு நீளம்ணே. மேல இடம் பத்தலன்னு கல்லு வெட்டுறவன் சொல்லிட்டான்" என்றார் பிரபாகர். இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். நம்ம ஸ்தனிஸ்லாஸ் அம்மாவின் தலைமாட்டிலேயே நின்று கத்தினார். சின்ன வயதில் தம்பிக்கு மட்டும் அம்மா வாங்கிக்கொடுத்த சைக்கிள் வரைக்கும் இழுத்தார். செபம் சொல்ல வந்திருந்த பழைய பங்குத்தந்தை புத்தகத்தை மூடிவிட்டு அவர் தோளில் கை வைத்தார். "ஸ்தனிஸ், தலைமுடி பழுத்துடுச்சு. விசுவாசம் இன்னும் காயாவே இருக்கே."

அத்தனை பேர் முன்னால்.

அன்றோடு தம்பியிடம் பேச்சு நின்றது. ஆனால் தம்பியைவிட அந்தச் சொல்தான் அவரை அதிகம் உறுத்தியது. நானா காய்? பழுத்துக் காட்டுகிறேன் பார் என்று கிளம்பியவர்தான். அந்தப் பங்குத்தந்தை மாற்றலாகிப் போய், அடுத்தவர் வந்து, அவரும் போய், இப்போது மீசை சரியாக முளைக்காத ஓர் இளம் பங்குத்தந்தை வந்துவிட்டார். ஸ்தனிஸ்லாஸ் இன்னும் பழுத்துக்கொண்டிருந்தார். நேரே தம்பி வீட்டுக்குப் போய் "வாடா, காபி சாப்பிடலாம்" என்றிருந்தால் ஒரு சாயங்காலத்தில் முடிந்திருக்கும். அது அவருக்குச் சுற்றுவழியாகப் பட்டது.

ஒரே கோயில், ஒரே பூசை. அண்ணனுக்கு இடதுபக்கம் முன்வரிசை, தம்பிக்கு வலதுபக்கம் தூணை ஒட்டிய இடம். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்கிற நேரம் வரும்போது ஸ்தனிஸ்லாஸ் கைகூப்பியபடி முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று மேஜை விசிறி மாதிரி திரும்புவார். தூணுக்குக் கொஞ்சம் முன்னால் வரை போய் நின்று, அப்படியே இந்தப் பக்கம் வந்துவிடும் அந்த விசிறி. வீட்டில் வசந்தி எப்போதாவது "பிரபாகர் தம்பிக்கு..." என்று ஆரம்பித்தால், தவக்காலக் காபிக்கு உயர்த்துகிற அதே கையை உயர்த்துவார். வசந்தியும் பாவம், எத்தனை நாள்தான் ஆரம்பிப்பாள்? விட்டுவிட்டாள்.

சான்றிதழ் எல்லாம் வாங்கியாயிற்று. ஒன்று மட்டும் பாக்கி இருந்தது, பெரிய வியாழன் நாற்காலி.

பெரிய வியாழன் மாலைப் பூசையில் பாதம் கழுவுகிற சடங்கு உண்டு. ஆண்டவர் தம் சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, பங்குத்தந்தை பன்னிரண்டு பேரைப் பீடத்துக்கு முன்னால் வரிசையாக உட்கார வைத்து, மண்டியிட்டு, ஒவ்வொருவர் வலது காலிலும் தண்ணீர் ஊற்றித் துடைத்து முத்தமிடுவார். எல்லாம் தாழ்மையைக் கற்றுக்கொள்வதற்காக. தாழ்மைக்கு இத்தனை அடிதடி நடக்கிற இடத்தை நீங்கள் வேறு எங்கும் பார்க்க முடியாது. பக்கத்துப் பக்கத்து வீடுகளைச் சேர்த்து அன்பியம் என்று ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அன்பியத்துக்கு ஒருவர் என்று ஆள் அனுப்புவார்கள். ஸ்தனிஸ்லாஸ் தம் அன்பியத்துக்குத் தலைவர். ஒவ்வொரு வருஷமும் யாரை அனுப்பலாம் என்று பேச்சு வரும்போது, "எனக்கெல்லாம் வேணாம்ப்பா" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு, எல்லோரும் வற்புறுத்துவதற்காகத் தலையைக் குனிந்து காத்திருப்பார். யாரும் வற்புறுத்தியதில்லை. "சரி சார், அப்ப வேற யாரு?" என்று போய்விடுவார்கள். இந்த வருஷம் அவர் அந்தத் தப்பைச் செய்யவில்லை. பேச்சை எடுத்ததுமே, "நான் போறேன்" என்றார்.

அதில் இன்னொரு சிக்கல் உண்டு. நாற்காலி பன்னிரண்டு என்றால் கடைசி நாற்காலி ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாசுக்கு. இது எந்தச் சடங்குப் புத்தகத்திலும் இல்லை, பங்கு மக்கள் தாமாகவே வைத்துக்கொண்ட ஏற்பாடு. கடைசியாகக் கால் கழுவப்படுகிற ஆளை வருஷம் முழுக்க 'யூதாஸ்' என்று கூப்பிடுவார்கள். போன வருஷம் அப்படி மாட்டியவர் மாலைப் பூசைக்கு வந்தால், "முப்பது வெள்ளிக்காசு எங்க சார்?" என்று சின்னப் பிள்ளைகள்கூடக் கேட்டன. மனிதர் வெறுத்துப்போய் அடையாறு பக்கம் வேறு கோயிலுக்குப் போக ஆரம்பித்துவிட்டார். ஆகவே எல்லோருக்கும் கண் முதல் நாற்காலி மேல். அது இராயப்பருக்கு, சீடர்களில் மூத்தவருக்கு. மூத்தவர் என்றால் யார்? ஸ்தனிஸ்லாசுக்கு அதில் சந்தேகமே இல்லை.

அந்த வாரம் அவர் தி. நகர் போனார். பாண்டி பஜார் பக்கம் ஓர் அழகு நிலையத்தில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகக் காலை நீட்டினார். வேலைக்கிருந்த பெண் சுடுதண்ணீர்த் தொட்டியை வைத்து, "ரெண்டு காலையும் வைங்க சார்" என்றாள்.

"வலது மட்டும் போதும்மா."

"ரேட்டு ரெண்டுக்கும் சேர்த்துத்தான் சார்."

"பரவாயில்ல. இடது காலை யாரும் பார்க்கப் போறதில்ல."

அந்தப் பெண் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். ஆணி, பித்தவெடிப்பு, நகக்கண் அழுக்கு எல்லாம் போய், வலது கால் ஞானஸ்நானம் வாங்கிய குழந்தை மாதிரி ஆயிற்று. இடது கால் வழக்கம்போல வெடித்துக் கறுத்துக் கிடந்தது. வீட்டுக்கு வந்ததும் வசந்தி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னங்க, காலைக் கழுவத்தானே ஃபாதர் வர்றாரு? கழுவின காலைக் கொண்டுபோய் எதுக்கு நீட்டறீங்க?"

"உனக்கு அதெல்லாம் புரியாது" என்றார். புரிகிற ஆள் அந்த வீட்டில் அவள் மட்டும்தான் என்பது வேறு விஷயம்.

பெரிய வியாழன் அன்று வெயில் தாழ்வதற்குள்ளேயே கோயிலுக்குப் போய்விட்டார். கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில் பிள்ளை இன்னாசி அப்போதுதான் நாற்காலிகளைப் போட்டு முடித்திருந்தார். ஸ்தனிஸ்லாஸ் இடதுபுறம் முதல் நாற்காலியில் தோள் துண்டைப் போட்டார். பிறகு வெளிக்குழாயில் வலது காலை இன்னொரு தடவை அலம்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இரண்டாவது நாற்காலியில் ஒரு பெண் இருந்தாள். நொச்சிக்குப்பத்து டயானா. சாலையோரம் மீன் விற்கிறவள், வெள்ளிக்கிழமைகளில் சங்கரா விலைக்கு இவரோடு வாய்ச்சண்டை போடுகிறவள். பெண்களுக்கும் கால் கழுவலாம் என்று ஆனபிறகு குப்பத்து அன்பியம் இந்தத் தடவை அவளை அனுப்பியிருந்தது. அவளும் சும்மா வரவில்லை. கால் நகங்களில் சிவப்புச் சாயம், கணுக்காலில் புதுக்கொலுசு.

"இன்னா நைனா, பஸ்ல சீட்டு புடிக்கிறா மாதிரி துண்டு போட்டுகீறே?"

"இது கோயில்மா. மெதுவாப் பேசு."

"கோயிலுன்னுதான் நானும் யாவாரத்த வுட்டுட்டு வந்து குந்திகினு கீறேன். கடேசி சேரு எவனுக்கு வாணும்?"

ஒவ்வொருவராக வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் இந்தக் கோடியை நோக்கியே ஓடினார்கள். பூசை தொடங்கப் போகிற நேரத்தில் கடைசி நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. அந்த அன்பியத்தில் வரவேண்டியவருக்குக் காய்ச்சலாம், பதில் ஆள் வருகிறாராம் என்று இன்னாசி சொன்னார். பதில் ஆள் வந்தார். பிரபாகர்.

மெதுவாக, ஒவ்வோர் அடியையும் யோசித்து வைக்கிற மாதிரி நடந்து வந்தார். இந்தச் சித்திரை வெயிலில் ஷூ, சாக்ஸ் வேறு. ராஜ நடை நடக்கிறான், கல்யாண மாப்பிள்ளை என்று நினைப்பு, என்று ஸ்தனிஸ்லாஸ் மனசுக்குள் பல்லைக் கடித்தார். "பாவம், எப்டி நடந்து வர்றாரு பாரு" என்றாள் டயானா. அவளுக்கும் அந்த நடிப்பு புரிந்துவிட்டது என்று இவர் எடுத்துக்கொண்டார். பிரபாகர் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்ததும் ஸ்தனிஸ்லாஸ் மனசு துள்ளிக் குதித்தது. உண்மையாகவே குதித்தது, அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. இராயப்பர் நாற்காலியில் அண்ணன், யூதாஸ் நாற்காலியில் தம்பி. இத்தனை வருஷம் வாய் திறக்காத ஆண்டவர் கடைசியில் ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டார் என்று கண் கலங்கியது அவருக்கு.

பிரசங்கம் முடிந்தது. இளம் பங்குத்தந்தை மேலங்கியைக் கழற்றி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். ஸ்தனிஸ்லாஸ் செருப்பைக் கழற்றிவிட்டு, பாண்ட்டை மடித்து, வலது காலை நிமிர்த்தி வைத்துக்கொண்டார். பங்குத்தந்தை நேரே பிரபாகர் இருந்த அந்தக் கோடிக்குப் போனார்.

அவர் மேல் தப்பில்லை. தண்ணீர்க் குடமும் தட்டும் வைத்திருந்த மேஜை அந்தப் பக்கம் இருந்தது. பங்குக்குப் புதுசு வேறு. எது இராயப்பர் கோடி, எது யூதாஸ் கோடி என்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? வரிசை முழுவதும் சலசலத்தது. ஸ்தனிஸ்லாஸ் கையை ஆட்டி இன்னாசியைக் கூப்பிட்டுப் பார்த்தார். இன்னாசி பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

டயானா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அங்கேர்ந்து ஆரம்பிச்சா நாமதான் கடேசி. நீதான் நைனா இந்த வர்சம் யூதாசு."

அவருக்குக் காது சூடாகிவிட்டது. கல்லறைக் கல்லே திரும்ப வந்து முன்னால் நின்றது. இங்கேயும் முதல் வரி பிரபாகர், கீழ் வரி ஸ்தனிஸ்லாஸ். ஆண்டவர் சந்நிதியிலும் இவன்தான் முன்னாலா? எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தார். கழுத்தை நீட்டி, தம்பி எவ்வளவு மிதப்போடு உட்கார்ந்திருக்கிறான் என்று பார்த்தார்.

பிரபாகர் குனிந்து வலது ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். அதற்கே நேரம் பிடித்தது. பிறகு சாக்ஸ். அதையும் பார்த்துப் பார்த்து உருட்டி எடுத்தார். கால் வெளியே வந்தது. அதில் கட்டைவிரலும் அடுத்த விரலும் இல்லை. அந்த இடத்தில் தோல் இழுத்துத் தைக்கப்பட்டு மினுமினுத்தது. பங்குத்தந்தை கொஞ்சமும் தயங்காமல் தண்ணீர் ஊற்றினார், ஒற்றித் துடைத்தார், அந்தத் தையல் மேலேயே முத்தமிட்டார்.

ஸ்தனிஸ்லாஸ் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார்.

"என்னாச்சு அவனுக்கு?" என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று அவருக்கே தெரியாது.

டயானாவின் சிரிப்பு நின்றது. "உனுக்குத் தெரியாதா? போன ஆடில எட்த்தாங்களே. சுகரு. நாங்கல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்தோம். உன் வூட்டம்மாதான் டெய்லி கஞ்சி எட்த்துகினு வந்துச்சி. மெய்யாலுமே தெரியாதா நைனா?"

தெரியாது. பங்கு முழுவதற்கும் தெரிந்தது, மீன் விற்கிறவளுக்குத் தெரிந்தது, அவர் தட்டில் சோறு போடுகிறவளுக்குத் தெரிந்தது, கூடப் பிறந்தவருக்குத் தெரியாது. ஆனால் முற்றிலும் தெரியாது என்று சொல்வதும் பொய். போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நோயாளிகளுக்கான மன்றாட்டில் பிரபாகர் பெயரை வாசித்தார்கள். சளி பிடித்ததற்கெல்லாம் பங்கு முழுக்க மன்றாட வேண்டுமா என்று நினைத்துக்கொண்டே இவர் பதிலுரையை உரக்கச் சொன்னார். வழக்கம்போல எல்லோர் குரலுக்கும் மேலே அவர் குரல்தான் கேட்டது. வசந்தி அந்த வாரம் கைப்பையில் பிளாஸ்க்கோடு வெளியே கிளம்பியதும் ஞாபகம் வந்தது. எங்கே என்று அவர் கேட்கவில்லை. அந்தக் கஞ்சி போன பிளாஸ்க் மன்னிப்பின் வல்லமை முகாமில் அவருக்குக் கொடுத்தது.

வெட்கம் என்றால் என்னவென்று அந்த மனிதருக்கு அன்றுதான் தெரிந்தது. கல்லறையில் அந்தப் பங்குத்தந்தை சொன்னபோது வந்தது வெட்கமில்லை, கோபம். இது அடிவயிற்றிலிருந்து வந்தது. தம்பிக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவர்தான். அதே சைக்கிள். பெடலில் அந்தக் கால் எட்டாமல் கட்டைவிரல் நுனியால் துழாவியது கண்ணுக்குள் வந்து நின்றது.

பங்குத்தந்தை வரிசையாக வந்துகொண்டிருந்தார். டயானாவின் காலைக் கழுவி முடித்து, கடைசியாக ஸ்தனிஸ்லாஸ் முன்னால் மண்டியிட்டார். மூச்சு வாங்கியது அவருக்கு. ஸ்தனிஸ்லாஸ் தம் வலது காலைப் பார்த்தார். பளபளவென்று, தி. நகர் கிரீம் வாசனையோடு, எந்தக் குறையும் இல்லாமல் நீட்டிக்கொண்டிருந்தது. சனியனே என்று இருந்தது அவருக்கு. அதை உள்ளே இழுத்து நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு இடது காலை நீட்டினார்.

"சார், வலது காலு" என்று இன்னாசி கிசுகிசுத்தார்.

"தெரியும்."

"எல்லாருக்கும் வலதுதான் சார்..."

"இதுதான் அழுக்கா இருக்கு. இதைக் கழுவச் சொல்லு."

பங்குத்தந்தை நிமிர்ந்து ஒரு தடவை அவர் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் தண்ணீரை ஊற்றினார். தட்டில் விழுந்த தண்ணீர் கலங்கலாக இருந்தது. பித்தவெடிப்பு சுரசுரத்த அந்தக் காலைத் துடைத்து முத்தமிட்டார். பின்வரிசையில் யாரோ, "யூதாசு காலை மாத்திட்டாருடா" என்று சொல்லவும் சிரிப்பு எழுந்தது. அது ஸ்தனிஸ்லாஸ் காதில் விழுந்தது. விழுந்ததோடு சரி.

பூசை தொடர்ந்தது. பன்னிரண்டு பேரும் அவரவர் இடத்துக்குப் போனார்கள். சமாதானம் சொல்லிக்கொள்கிற நேரம் வந்தது. எல்லோரும் கைகூப்பித் திரும்பினார்கள். ஸ்தனிஸ்லாஸ் திரும்பவில்லை. வரிசையை விட்டு வெளியே வந்து, நடுப்பாதையைத் தாண்டி, தூணை நோக்கி நடந்தார். வசந்தி பார்த்துவிட்டுக் கூப்பிய கையைப் பிரிக்காமல் அப்படியே நின்றாள். தம்பிக்கு எதிரில் போய் நின்று அவரும் கைகூப்பினார். சொல்ல வேண்டும். என்ன சொல்வது? அண்டா அண்டாவாக வசனம் சேர்த்து வைத்திருந்த மனிதர். ஒன்றுகூட வரவில்லை.

பிரபாகர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து அவர் காலைப் பார்த்தார். ஒன்று பளபளவென்று, ஒன்று ஈரத்தோடு வெடித்துப்போய், இரண்டும் வெறும் கால். செருப்பு நாற்காலிக்கு அடியிலேயே கிடந்தது.

"வெறுங்காலோடவா நடந்து வந்தே?" என்றார் பிரபாகர். குரலில் அதட்டல் இருந்தது. "உனக்கும் சுகர் இருக்கில்ல? எனக்கும் இப்படித்தான், ஒரு சின்னக் கல்லு குத்திச்சு. முதல்ல போய்ச் செருப்பைப் போடுண்ணே."

அந்த 'ண்ணே'யைக் கேட்டதும் ஸ்தனிஸ்லாஸ் உடைந்துபோனார். யார் சொல்லியும் எதையும் கேட்டிராத அந்த மனிதர், "சரிடா" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போய், பங்கே பார்த்துக்கொண்டிருக்க, காலி நாற்காலிகளுக்கு அடியில் குனிந்து செருப்பைத் தேடினார்.